ஆணையம் வெள்ளையடித்த தெரு

தையற்காரியின் வீட்டில் ஒரு மூலை இருந்தது. வீட்டின் பக்கச் சுவரும், அதிலிருந்து வெளியே தள்ளிக் கட்டிய அக்காவின் அறைச் சுவரும் முட்டிக்கொள்ளும் இடம். காய்ந்த இலைகள் அங்கேதான் வந்து சேரும். காலையில் பெருக்கி அள்ளினால் மதியத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு மறுபடி குவிந்திருக்கும். வாசலில் சேராது. பின்பக்கம் சேராது. துணி காயப்போடும் இடத்தில் தேடினாலும் ஒரு சருகு கிடைக்காது. மூலைக்கு மேலே மரமும் கிடையாது. காடு தெருவைத் தாண்டி மலைச்சரிவில் இருந்தது. அங்கிருந்து புறப்படும் இலை, வழியில் இத்தனை வீடுகள் இருக்க, முகவரி எழுதி அனுப்பியது போல இந்த ஒரு மூலைக்கு ஏன் வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

செங்கல் அடுக்கித் தடுத்துப் பார்த்தாள். இலை செங்கலைத் தாண்டி உள்ளே விழுந்தது. பழைய துணியால் திரை கட்டினாள். திரையும் இலையும் சேர்ந்து அதே மூலையில் கிடந்தன.

"இலைக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சுடி," என்றாள் அக்கா, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து. "நாப்பது வயசுக்கு மேல வர்ற வரன். தட்டிக் கழிக்காத."

அக்கா ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். இப்போது நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. நாக்கு முழுதும் வேலை செய்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலுள்ள பிராணவாயுவைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் பெட்டி. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு அக்காவால் வாசல்வரை நடக்க முடியும். திரும்பி வர முடியாது.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு காற்றுத் துளை. துளைக்கு நேர் வெளியே அந்த மூலை. போன கோடையில் அடுத்த மலை எரிந்ததைத் தெருவே நின்று பார்த்தது. அன்றிலிருந்து இலையைப் பார்க்கும்போதெல்லாம் தையற்காரிக்கு அந்த மலைதான் நினைவுக்கு வரும். அதனால்தான், ஊரில் காட்டுத்தீ இடர் குறைப்பு ஆணையம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

ஆணையம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் போனால் பின்னால் வருவது அநியாயம் போலத் தோன்றும். தீயை அணைப்பது ஆணையத்தின் வேலை அல்ல. அது தீயணைப்புத் துறையின் வேலை. தீ வராமல் காட்டைப் பார்த்துக்கொள்வதும் அல்ல, அது வனத்துறையுடையது. ஆணையத்தின் வேலை இடரைக் குறைப்பது. இடர் என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். குறைந்ததா என்று பார்க்க ஒரு எண் வேண்டும். ஆகவே ஆணையம் முதலில் அந்த எண்ணை உண்டாக்கியது. பிறகு அதைக் குறைக்கத் தொடங்கியது.

வரவேற்பு மேசையில் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். கழுத்தில் அட்டை, முகத்தில் சிரிப்பு. இரண்டையும் அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"சொல்லுங்க மேடம்."

"வீட்டுல ஒரே மூலையில மட்டும் இலை சேருது சார். ஏன்னு புரியல. பக்கத்துலயே எங்கக்கா படுத்திருக்காங்க, நடக்க முடியாது. தீ கீ வந்துட்டா என்ன பண்றதுன்னு..."

"அருமையான கேள்வி." அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். "இதுல மூணு விஷயம் இருக்கு மேடம். இலை, மூலை, அக்கா. இலை பூங்காத் துறைக்குப் போகும். மூலை கட்டடத் துறைக்குப் போகும். அக்கா எங்ககிட்ட வருவாங்க. அவங்க எளிதில் பாதிக்கப்படக்கூடியவங்கதானே?"

"ஆமா சார்."

"அதை நீங்க சொன்னா ஆகாது. மதிப்பீடு பண்ணணும். வியாழக்கிழமை நேர்ல கூட்டிட்டு வாங்க. மூணாவது மாடி."

"லிஃப்ட்?"

"லிஃப்ட் இருக்கு. ஆனா மதிப்பீட்டுக்கு வர்றவங்க படியிலதான் வரணும். படி ஏறுறதுதான் மதிப்பீடே."

தையற்காரி வீட்டுக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னாள்.

"அப்போ மேல போய்ச் சேர்ந்துட்டா நான் நல்லா இருக்கேன். நடுவுல விழுந்துட்டா?"

"வராதவங்கன்னு போட்டுப்பாங்களாம்."

"நல்லாயிருக்கே. ஏறினா எனக்கு ஒண்ணுமில்ல, ஏறலன்னா நானே இல்ல. ஏன்டி, எங்க டெலிபோன்லகூட ரிங் போயி எடுக்கலன்னாதான் ஆள் இல்லம்போம்."

வீட்டுக்கு வந்து பார்க்க முடியாதா என்று தையற்காரி மறுபடி போய்க் கேட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்கு மதிப்பீடு என்று பெயர் இல்லை, வருகை என்று பெயர் என்று ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக விளக்கினார். ஆனால் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு தெருவிலும் ஆணையம் ஒரு சமூகத் தூதரை நியமிக்கப்போகிறது. தூதர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினால் அதுவே மதிப்பீடு. அந்தத் தெருவுக்கு அவளே ஏன் தூதராகக் கூடாது?

அக்காவுக்காகத்தான் அவள் சம்மதித்தாள். சம்மதித்த பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பயிற்சி ஆணையத்தின் பெரிய அரங்கில் நடந்தது. பாதிப் பேர் சமூகமாகவும் பாதிப் பேர் தீயாகவும் நடிக்க வேண்டும். தையற்காரிக்குத் தீயின் பாகம் கிடைத்தது. தலைமை இயக்குநர் வரத் தாமதமானதால் தீயை மதியச் சாப்பாடுவரை வராண்டாவில் உட்காரச் சொன்னார்கள். சாப்பிட்ட பிறகு தீ உள்ளே வந்தது. சமூகம் எழுந்து, "நாங்கள் விழிப்புடன் இருக்கிறோம்!" என்று மும்முறை சொன்னது. தீ பின்வாங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் அவள் எழுந்து மூலையைப் பற்றிக் கேட்டாள். "மூலை ஏன் மேடம்? முழு வீட்டையும் பாருங்க. வீட்டை ஏன்? முழு நிலப்பரப்பையும் பாருங்க," என்றார் பயிற்சியாளர். அரங்கம் அதையும் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

தூதர்களுக்கு ஆரஞ்சு நிற மேலங்கி கொடுத்தார்கள். தையற்காரி வழக்கம்போல ஓரத்தை மடித்துத் தேய்க்கலாம் என்று தேய்ப்புப் பெட்டியை வைத்தாள். துணி உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. தீ தொடர்பான அங்கி தேய்ப்புப் பெட்டிக்கே தாங்கவில்லையே என்று ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினாள். "அது தீக்குப் போடுறது இல்ல மேடம், விழிப்புணர்வுக்குப் போடுறது," என்று வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஆணையம் களத்தில் இறங்கியது. தெரு முனையில் ஒரு பலகை நட்டார்கள். 'நீங்கள் தீ இடர் பகுதிக்குள் நுழைகிறீர்கள்' என்று செதுக்கிய அழகான தேக்குப் பலகை. அடியில் மண் தெரியாமலிருக்க மரச்சீவலைக் கொட்டி வட்டமாகப் பரப்பினார்கள். பிறகு துண்டறிக்கை வந்தது. 'வீட்டைச் சுற்றிக் காய்ந்த பொருட்களை அகற்றுங்கள்' என்ற வாசகத்தை ஆணையம் எத்தனை ஆயிரம் தாளில் அச்சிட்டதோ, வாரம் ஒரு வண்டி வந்து கதவிடுக்கெல்லாம் செருகிவிட்டுப் போனது. காற்று அவற்றைப் பிடுங்கிக்கொண்டு தெருவோடு போனது. இப்போது மூலையில் இலையோடு துண்டறிக்கையும் சேர்ந்தது.

ஒரு நாள் புகைப்படக்காரர் ஒருவரும் வந்தார். அந்த மூலை, மேலே ஜன்னல், ஜன்னலில் அக்காவின் முகம், கீழே பொன்னிறச் சருகு. அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. 'இயற்கையோடு இணைந்து வாழும் சமூகம்' என்று அந்தப் படம் ஆணையத்தின் ஆண்டு மலருக்கு அட்டையானது.

"கடைசில ஒரு பத்திரிகை அட்டையில வந்துட்டேன் பாரு," என்றாள் அக்கா. "இருபது வயசுல வந்திருக்க வேண்டியது. லைன் கிடைக்க லேட்டாயிடுச்சு."

பிறகு கணக்கெடுப்பு. கேள்விகள் கைக்கணினியில் இருந்தன. வீட்டில் நடக்க முடியாதவர் உண்டா? சங்கொலி கேட்காதவர் உண்டா? கூரை எதனாலானது? எரியும் பொருள் சேமித்திருக்கிறீர்களா? தெருவிலிருந்து வெளியேற இரண்டாவது பாதை உண்டா? கேள்விகள் நல்ல கேள்விகள். யார் தயாரித்தார்களோ, விஷயம் தெரிந்தவர்கள் தயாரித்திருந்தார்கள். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் மதிப்பெண் ஏறும். மதிப்பெண் ஏற ஏற வீடு மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும்.

தெரு லேசில் வாய் திறக்கவில்லை. அரசாங்கத்திலிருந்து யாராவது வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவதுதான் அங்கே வழக்கம். எதிர் வீட்டுப் பெயின்டர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"எங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல டைலரம்மா. போயிட்டு வா."

"அண்ணே, பின்னால ஷெட்டுல தின்னர் டின் அடுக்கி வெச்சிருக்கீங்க. தெருவுக்கே வாசனை வருது."

"அதை எழுதினா டின்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எதை வெச்சுப் பிழைக்கிறது?"

"தூக்க மாட்டாங்கண்ணே. பத்திரமா வைக்க இடம் குடுப்பாங்க. அண்ணிக்குக் காது கேட்காதுன்னு சொன்னா, வெளிச்சம் அடிக்கிற மாதிரி ஏதோ மாட்டித் தருவாங்களாம். உள்ளதைச் சொல்லுங்க. கஷ்டம் எங்க ஜாஸ்தியோ அங்கதான் முதல்ல வருவாங்க."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

பெயின்டரின் மகள் கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்தவள் அவள். ஒரு தையல்கூடப் பிசகியதில்லை. கதவை முழுக்கத் திறந்தார். ஷெட்டைக் காட்டினார். டின் மட்டுமல்ல, ஷெட்டின் கூரை பழைய தார்த்தாள் என்பதையும் அவராகவே சொன்னார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். மறைத்து வைத்திருந்த கஷ்டங்களையெல்லாம் தெரு எடுத்து வெளியே வைத்தது. அளவு சரியாக எடுத்தால் துணி சரியாக வரும் என்பது தையற்காரி கண்ட உண்மை. ஒரு நூல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். அக்காவைப் பற்றியும் எழுதினாள். அந்தத் தெரு முழுக்கச் சிவந்தது. ஊரிலேயே அவ்வளவு சிவந்த தெரு வேறில்லை என்று ஒருங்கிணைப்பாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மழைக்காலம் போனது. யாரும் வரவில்லை. பிறகு அழைப்பு வந்தது: 'இடர் குறைந்த விழா'.

அரங்கத்தின் சுவரில் பெரிய வரைபடம். பச்சையும் மஞ்சளுமாக ஊர் தெரிந்தது. சிவப்பே இல்லை. தன் தெருவைத் தேடினாள். அது வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் பச்சையைவிட நல்லது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைமை இயக்குநர் பேச எழுந்தார்.

"நண்பர்களே! சென்ற ஆண்டு நம் பகுதியின் சராசரி இடர் என்ன, இன்று என்ன! பாதிக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறோம். ஒரு மரத்தை வெட்டவில்லை. ஒரு வீட்டைத் தொடவில்லை. ஒரு சாலை போடவில்லை. உலகமே கேட்கிறது, எப்படிச் சாதித்தீர்கள் என்று. நான் சொல்கிறேன்: துல்லியமான தகவல். எந்த இடத்தைக் காப்பாற்ற முடியாது என்பதை நாம் துணிந்து தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்ட பிறகு அதைச் சுமந்துகொண்டிருப்பது நேர்மையா? இல்லை! நாம் மக்களைக் கைவிடவில்லை. சராசரியைத்தான் மீட்டெடுத்திருக்கிறோம்!"

கைதட்டல் எழுந்தது. தையற்காரியும் தட்டினாள். இரண்டாவது தட்டலுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் கை தானாக நின்றது.

பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். "சார், வெள்ளைன்னா என்ன?"

"வெள்ளைன்னா பகுதிக்கு வெளியில மேடம்." அவர் ஆர்வமாகச் சொன்னார், நல்ல கேள்வி என்றால் அவருக்கு உயிர். "உங்க தெருவுல ஒரே வழி. நடக்க முடியாதவங்க, காது கேட்காதவங்க, தின்னர் எல்லாம் இருக்கு. அங்க வண்டி உள்ள போனா வீரர்களுக்கு ஆபத்து. அதனால காக்க இயலாத இடம்னு வகைப்படுத்தியாச்சு. தீயணைப்புத் துறையும் எங்க வரைபடத்தைப் பார்த்துத்தான் போகும். காக்க இயலாத இடம் சேவைப் பகுதியில வராது. சேவைப் பகுதியில வராதது சராசரியில வராது. அதிக எண் எல்லாம் கழண்டதும் சராசரி சர்ருனு இறங்கிடுச்சு பாருங்க."

"தீ வந்தா வண்டி வராதா?"

"முனை வரைக்கும் வரும். பலகை நம்மளோடது இல்லையா."

"நாங்க உண்மையைச் சொன்னதாலதான..."

"அதேதான் மேடம்! உங்க தகவல் இல்லாம இது முடிஞ்சிருக்கவே முடியாது."

மேடையில் அவளைக் கூப்பிட்டார்கள். சிறந்த தூதர் விருது. மரத்தில் செய்த கேடயம். தலைமை இயக்குநர் ஒரு முனையையும் அவள் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அளவு எடுத்தது அவள். வெட்டியது வேறு யாரோ. துணி என்னவோ அவளை நம்பிக் கொடுத்தவர்களுடையது.

தெருவுக்கு அவளே சொன்னாள். வேறு யாரும் சொல்வதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. பெயின்டர் இரண்டும் செய்யவில்லை.

"அவங்க ஏமாத்துறது அவங்க தொழில்," என்றார். "நான் அவங்களை நம்பல டைலரம்மா. உன்னைத்தான் நம்பினேன்."

கதவு மூடியது.

வீட்டுக்கு வந்து கேடயத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்கா. அப்பவே சொன்னேன்னு சொல்லு."

"சொல்ல மூச்சு இல்லடி," என்றாள் அக்கா. "தண்ணி குடி."

மறுநாள் ஆணையத்துக்குப் போனாள். எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் சேவைப் பகுதியில் வசிப்பவர்கள்தான் மேல்முறையீடு செய்ய முடியும் என்றார் ஒருங்கிணைப்பாளர். வேறு வழி உண்டா என்று கேட்டாள். எண் குறைந்தால் தானாகவே உள்ளே வந்துவிடலாம் என்று சொல்லி, கைக்கணினியில் தட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டை மட்டும் எடுத்துக்கிட்டா, அக்கா இல்லன்னா ரெண்டு படி இறங்குது மேடம்."

"அக்கா இல்லன்னான்னா?"

"கணக்குக்குச் சொல்றேன்," என்றார் அவர், அதே சிரிப்போடு.

ஆரஞ்சு அங்கியை மேசைமேல் மடித்து வைத்துவிட்டு வந்தாள். மடிப்பு ஒழுங்காக இருந்தது. கை பழக்கம்.

கோடை நடுவில் ஒரு பகல், தீ மலையின் அந்தப் பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏறியது. சங்கு ஊதியது. தெருவிலிருந்த எல்லாக் கைபேசியிலும் ஒரே நேரத்தில் செய்தி வந்தது: 'நீங்கள் எங்கள் சேவைப் பகுதிக்கு வெளியே இருக்கிறீர்கள். பாதுகாப்பாக இருங்கள்.' உடனே மின்சாரம் போனது. அக்காவின் பெட்டி உறுமலை நிறுத்தியது.

தையற்காரி அவசரத்துக்கு வைத்திருந்த சின்னப் பிராணவாயு உருளையைக் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சரக்கு வண்டிச் சத்தம். பெயின்டர். மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் தையற்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்காவைத் தூக்கு. நான் தலைப்பக்கம் பிடிச்சுக்கிறேன்."

"ஏணியை இறக்கிட்டு ஏத்துங்க தம்பி," என்றாள் அக்கா, மூச்சுக்கு நடுவே. "நான் பெயின்ட் டின் இல்ல."

கீழே இறங்கும் ஒரே சாலை ஊர் வாகனங்களால் அடைத்துக் கிடந்தது. தெருவுக்கு எதிரே, சாலை போடுவதற்காக ஜல்லி கொட்டி வைத்திருந்த மொட்டை வெளி ஒன்று உண்டு. எரிய அங்கே எதுவும் இல்லை. பெயின்டர் வண்டியை அதன் நடுவில் நிறுத்தினார். மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து தெரு முழுதும் தெரிந்தது.

காட்டுத்தீ வீட்டுக்கு வருவதைப் பற்றி நம்மில் பலர் நினைப்பது வேறு. ஒரு பெரிய நெருப்புச் சுவர் நகர்ந்து வந்து வீட்டை விழுங்கும் என்று நினைக்கிறோம். அப்படியும் நடக்கும். ஆனால் அநேகமாக நெருப்பு தான் வருவதற்கு முன் பொறியை அனுப்புகிறது. எரியும் பட்டைத் துண்டு, கனலும் குச்சி. விரல் நகமளவு இருந்தால் போதும். சூடான காற்று அதை உயரத் தூக்கி, தீ இன்னும் எட்டாத இடத்தில் கொண்டுவந்து போடும். அன்று உச்சியிலிருந்து அந்தப் பொறிகள் வந்தன. தெருவுக்குள் புகுந்து, வெள்ளம் ஓடுவது போலத் தரையோடு ஓடின.

முனையில் தீயணைப்பு வண்டி நின்றது. பலகைக்கு அடியிலிருந்த மரச்சீவல் முதலில் பற்றியது. வீரர்கள் குதித்து இறங்கிப் பலகையை அணைத்தார்கள். தையற்காரி ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உள்ள வாங்கய்யா. பத்து வீடு இருக்கு."

அவர்களில் மூத்தவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "கோடு தாண்டக் கூடாதுன்னு உத்தரவும்மா. எங்களுக்கு மட்டும் ஆசையா?"

அவள் திரும்பினாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். தெருவோடு ஓடிவந்த பொறிகள் அவள் வீட்டு வாசலில் விழவில்லை. துணி காயப்போடும் இடத்தில் விழவில்லை. பக்கச் சுவரில் மோதி, அக்காவின் அறைச் சுவரில் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அந்த மூலையில் இறங்கின. காலையில் பெருக்கிய இடம்தான். அதற்குள் வந்திருந்த இலையும் துண்டறிக்கையும் புகைந்து, பற்றி, காற்றுத் துளையை நக்கத் தொடங்கின.

துணி நனைக்கும் வாளி அடுப்படியில் நிரம்பியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு வாளி, பிறகு நனைத்த போர்வை, பிறகு கால். அது அணைந்தது. அணைந்ததும் எதிரே பார்த்தாள். பெயின்டரின் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பொறிகள் அதே போலச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. அங்கேயும் எப்போதும் சருகு கிடக்கும். அவர் மனைவி திட்டிக்கொண்டே பெருக்குவதை அவள் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். கத்துவதற்குள் தார்த்தாள் கூரை பிடித்தது. தின்னர் டின்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஷெட்டும் அதையொட்டிய அடுக்களையும் போயின. மற்ற வீடுகளில் எங்கெங்கே புகைகிறது என்று அவள் தேடவில்லை. எங்கெங்கே இலை சேரும் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரையும் கேட்டாள். அவர்கள் காட்டிய இடத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். காட்டிய இடத்தில்தான் புகைந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தலைமை இயக்குநர் வந்தார். தெருவுக்குள் வரவில்லை, பலகைக்குப் பக்கத்தில் நின்று நிருபர்களிடம் பேசினார். "பெருமையோடு சொல்கிறேன். எங்கள் சேவைப் பகுதியில் ஒரு கட்டடம்கூடச் சேதமாகவில்லை. எங்கள் சொத்து அனைத்தும் காக்கப்பட்டது." பலகையைத் தட்டிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் பெயின்டரின் அடுக்களை கருகி நின்றது. படம் எடுத்தவர் அது படத்தில் விழாதபடி இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்துகொண்டார். வரைபடத்தில் அங்கே வெள்ளைதான். எரிவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் தையற்காரி பெயின்டர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கருகிய டின்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே..."

"மன்னிப்பு கேட்கத்தான வந்த? வேணாம். இன்னும் மனசு ஆறல."

"அதுக்கு வரல. பொறி எங்க விழும்னு தெரிஞ்சுபோச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் நிமிரவில்லை. "எங்க?" என்றார்.

அவள் சொன்னாள். அவர் கேட்டார். கேட்டு முடித்ததும் டின்னைக் கீழே வைத்தார்.

"இந்தத் தடவை நீ சொல்றேன்னு நம்ப மாட்டேன். அன்னைக்கு நானே பார்த்தேன், அதனால நம்புறேன். கம்பிவலை எவ்வளவு வேணும்? அளவு எடு."

"எனக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்," என்றாள் அக்கா ஜன்னலிலிருந்து, மூலையை அளக்க அவர்கள் வந்து நின்றபோது. "என் கட்டிலை அந்தச் சுவத்தை விட்டு நகர்த்துங்க. இலை மாப்பிள்ளைக்கு இனிமே பொண்ணு கிடையாதுன்னு சொல்லிடுங்க."

இப்போது அந்தத் தெருவில் செய்வது இதுதான். வேறு தெருவிலும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஓடும் காற்று எதையும் தூக்கிக்கொண்டு போகும். சுவரில் முட்டிச் சுழன்று வேகம் தளரும் இடத்தில், தூக்கி வந்ததைக் கீழே போட்டுவிடும். இலை, பொறி என்று அது பேதம் பார்ப்பதில்லை. எனவே உங்கள் வீட்டில் இலை எங்கே சேருகிறது என்று பாருங்கள். பொறியும் அங்கேதான் சேரும். அந்த இடத்தில் சுவரிலிருந்து ஒரு ஆள் கால்நீட்டிப் படுக்கும் தூரத்துக்கு எரியக்கூடிய எதுவும் வேண்டாம்: செடி, விறகு, மிதியடி, டின், தாள், எதுவும். மண்ணைச் சுரண்டிவிட்டு ஜல்லி போடுங்கள். மேலே காற்றுத் துளை இருந்தால் மிளகு நுழையாத கண் உள்ள இரும்புக் கம்பிவலையால் மூடுங்கள். பிளாஸ்டிக் வலை உருகிவிடும். இலை பிறகும் வரும். அதைத் தடுக்க முடியாது. காற்று எழும்புவதற்கு முன் பெருக்கி அள்ளிவிடுங்கள்.